நண்டு என்று எழுதியிருந்தேன்

எங்கள் லேப்பில் எனக்கு மூன்று வேலைகள். சீட்டு எழுதுவது, ரிப்போர்ட்டை டைப் அடிப்பது, அதை உறையில் போட்டு உரியவரிடம் கொடுப்பது. மூன்றுக்கும் அதிகம் பேச வேண்டியதில்லை. விலங்கியல் படித்து முடித்ததும் அறந்தாங்கியிலேயே இந்த வேலை கிடைத்தது. சேர்ந்துவிட்டேன். முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. 

ஆனால் வருகிறவர்கள் கேட்பார்கள். "தைராய்டுன்னு எழுதியிருக்கே, அது என்னாங்க?" என்பார்கள். நான் சீட்டைப் பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுப்பேன். அவர்களுக்குப் புரியாது. பதில் எனக்குத் தெரியும். கல்லூரி நாட்களிலிருந்தே மருத்துவச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படிப்பது எனக்குப் பழக்கம். தைராய்டு என்றால் கேடயம் போன்றது. அதைச் சொல்லத்தான் வாய் வராது.

லேப் ரகுநாத் சாருடையது. ஒருநாள் அவர் ஒரு சின்ன வெள்ளைப் பலகையை வாங்கிவந்து என் மேசைக்குப் பக்கத்தில் மாட்டினார்.

"பிரகா, வாயாலதான் சொல்ல மாட்டேங்கிற. கையாலயாவது சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து தினமும் ஒரு சொல் எழுதினேன். மலேரியா என்றால் கெட்ட காற்று. கொசுவைக் கண்டுபிடிக்கும் முன் காற்றைத்தான் சந்தேகப்பட்டார்கள். கண்ணின் நடுவே உள்ள கறுப்புக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர், பியூப்பில், லத்தீனில் சின்னப் பொம்மை என்ற சொல்லிலிருந்து வந்தது. நாமும் அதைப் பாவை என்றுதான் சொல்கிறோம். பாவை என்றாலும் பொம்மைதான். இரண்டு ஊர்க்காரர்களும் எதிரில் நிற்பவர் கண்ணுக்குள் தங்கள் சின்ன உருவத்தைப் பார்த்திருக்கிறார்கள். அதை எழுதிய நாள் எனக்கு இரவு வரை சந்தோஷமாக இருந்தது.

மசில் என்றால் சின்ன எலி என்று எழுதியபோது, ரத்தம் கொடுக்க வந்த ஒருவர் தன் கையை மடக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு எலியெல்லாம் இல்லைங்க, பல்லிதான் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பலகை எனக்காகப் பேசியது.

அந்த வெள்ளிக்கிழமை நான் எழுதியது கேன்சர். முழுதாக எழுத நினைத்தேன். பழங்காலத்துக் கிரேக்க வைத்தியர்கள் கட்டியைச் சுற்றிப் புடைத்த நரம்புகளைப் பார்த்தார்கள், அவை நண்டின் கால்களைப் போல இருந்தன, அதனால் நண்டு என்று பெயர் வைத்தார்கள். ஆனால் கேன்சர் என்பதைப் பெரிதாக எழுதிவிட்டதால் பலகையில் இடம் இல்லை. கூட்டமும் வந்துவிட்டது. 'கேன்சர் = நண்டு' என்று மட்டும் எழுதி, மீதியைப் பிறகு எழுதலாம் என்று விட்டுவிட்டேன். ரகுநாத் சார் பார்த்து, "அட, நல்லாருக்கே" என்றார்.

அன்று டாக்டர் ராஜலட்சுமி வருகிற நாள். கழுத்துக் கட்டி, மார்புக் கட்டி உள்ளவர்களுக்கு ஊசி குத்தி, உள்ளிருந்து கொஞ்சம் எடுத்து, கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். பத்தே நிமிட வேலை. ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை கிடைக்கும்.

மூன்றாவதாக உள்ளே போனவர் செவந்தி. வயது முப்பத்தொன்பது, ஊர் மீமிசல் என்று சீட்டில் எழுதியிருந்தேன். வேலை என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டபோது, "நண்டு கம்பெனி" என்றார். மீமிசல் பக்கம் கடலிலிருந்து வரும் நண்டை வேகவைத்து, ஓடு உடைத்து, சதையை எடுத்து டப்பாவில் அடைத்து அனுப்புகிற இடத்தை அப்படித்தான் சொல்வார்கள். பதினோரு வருடமாக அங்கே நண்டு உடைக்கிறாராம்.

ஊசி குத்திக்கொண்டு, கழுத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்தார். பலகையின் முன்னால் நின்றார். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஏம்மா, இது நெசமா? கேன்சருன்னா நண்டா?"

எனக்கு முன்னால் நான்கு பேர் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நிமிரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"நண்டுதானா?"

மறுபடி ஆட்டினேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வந்தது. நான்தான் டைப் அடித்தேன். காசநோய். கழுத்தில் உள்ள நிணநீர் முடிச்சில் வந்தது. மருந்து சாப்பிட்டால் தீரும். உறையில் போட்டுப் பெயர் எழுதி அடுக்கில் வைத்தேன். யாரும் வாங்க வரவில்லை. போன் செய்தால் அணைத்து வைத்திருந்தார்கள். காசநோய் என்றால் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ரகுநாத் சார் தெரிவித்தார். சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வீடு தேடிப் போனபோது, "செவந்தி ஊர்ல இல்ல" என்று உள்ளிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாளாம். குரல் கொடுத்தது செவந்தியேதான் என்று எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் கழித்து மருதாயி என்று ஒருவர் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வந்தார். ஐம்பது வயதிருக்கும். உட்கார்ந்ததுமே பலகையைத் தேடினார். அன்று அதில் வேறு ஏதோ எழுதியிருந்தது.

"ஏந்தாயி, இந்த லேப்புலதான நண்டு தொட்டா கேன்சர் வரும்னு எழுதிப் போட்டிருந்தீக?"

என் பேனா நின்றுவிட்டது.

"எங்க கம்பெனில செவந்தின்னு ஒருத்தி. இங்கிட்டு வந்து படிச்சுட்டுப் போனதுலருந்து வேலைக்கு வாரதில்ல. அவளப் பாத்து இன்னும் அஞ்சு பேரு நின்னுட்டாளுக. சூப்பர்வைசர் குதிக்கிறாரு. நானும் ரெண்டு கையுறை போட்டுக்கிட்டுத்தான் ஒடைக்கிறேன். நெசமாவா தாயி?"

"இல்ல" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை.

"அவளுக்குக் கழுத்துல கட்டி. பதினோரு வருசமா நண்டத் தொட்டதுல வந்ததுன்னு முடிவே பண்ணிட்டா. தட்டு, தம்ளரெல்லாம் தனியா வச்சுக்கிட்டா. ரிப்போர்ட்ட வாங்கிட்டு வாடின்னா, தெரிஞ்சதத் தெரிஞ்சுக்க எதுக்கு டவுனுக்குப் போகணும்கிறா. வைத்தியமும் வேணாமாம்."

ரகுநாத் சார் உள்ளே ரத்தம் எடுக்கத் தயாராக நின்றவர் வெளியே வந்தார். முழுவதையும் கேட்டார். என்னைத் திட்டவில்லை. "எழுதுனது நீ. படிச்சுட்டு நல்லாருக்குன்னு சொன்னது நானு" என்றார். உடனே டாக்டர் ராஜலட்சுமிக்குப் போன் போட்டார்.

"கேன்சர் இல்லைன்னு உடனே போய்ச் சொல்லுங்க" என்றார் டாக்டர். "அவங்க ரிப்போர்ட், அவங்க கேட்டா என்னன்னும் சொல்லுங்க. தாமதமானா கட்டி உடைஞ்சு புண்ணாகும். வேற இடத்துக்கும் பரவலாம். மாத்திரைய ஆரம்பிச்சே ஆகணும்."

"ஞாயித்துக்கெழமை நான் போறேன்" என்றார் ரகுநாத் சார்.

மருதாயி கையை ஆட்டினார். "ஆம்பளையாளு போயி நின்னா அவ கதவத் தொறக்க மாட்டா. இந்தப் புள்ள வரட்டும். 'அந்தப் புள்ள தலைய ஆட்டுச்சு, ரெண்டு தடவ ஆட்டுச்சு'ன்னுதான் சொல்லிச் சொல்லி அழுகுறா."

ஞாயிற்றுக்கிழமை காலை உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆவுடையார்கோவில் தாண்டும்வரை என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் வாக்கியம் நன்றாக இருந்தது. இரண்டாவது வாக்கியம் வரவே இல்லை.

மருதாயி நேராகக் கம்பெனிக்கு வரச் சொல்லியிருந்தார். ஞாயிறும் வேலை உண்டு. பெரிய கொட்டகை. உள்ளே நீளமான மேசைகள். வேகவைத்த நண்டு மலையாகக் கிடந்தது. தலைக்குத் தொப்பி போட்ட பெண்கள் எட்டுப் பேர், பேசிக்கொண்டே கால்களை ஒடித்துச் சதையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு இடங்கள் காலியாக இருந்தன.

சூப்பர்வைசர் சூசைராஜ் வாசலிலேயே மறித்தார். "நீங்கதானா அந்தப் போர்டு டீச்சரு? வாங்க, வாங்க. எங்க கம்பெனிக்குப் பூட்டு வாங்கியாந்தீங்களா?"

"சும்மா இருங்கண்ணே, புள்ள பயந்துரும்" என்றார் மருதாயி.

"அது பயப்படுறது இருக்கட்டும். இங்க ஆறு பேரு பயந்து போயி எனக்கு ரெண்டு நாளா சரக்கு நாறிப்போச்சு. சொல்லச் சொல்லுங்க இவுககிட்ட. நண்டு தொட்டா நோய் வருமா வராதா?"

எட்டுப் பேரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"வராது" என்றேன்.

"என்னா?"

"வராதுங்க."

"அப்பறம் எதுக்கு எழுதுன?" என்றாள் ஓரத்தில் இருந்தவள். "எங்களப் பாத்தா எளக்காரமா இருக்கா?"

"அது பேரு மட்டும்தாங்க. பாக்க நண்டு மாதிரி இருந்துச்சுன்னு வெளிநாட்டுல வச்ச பேரு."

"பேரு ஒருத்தன் சும்மா வப்பானா?"

 திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. அப்போது ஏன் தோன்றியது என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"நம்ம தமிழ்ல அதுக்கு என்னங்க பேரு?"

"புத்துநோய்."

"புத்துன்னா?"

"பாம்புப் புத்துதான். கரையான் கட்டுமே."

"ஆடி வெள்ளிக்கு நீங்கள்லாம் புத்துக்குப் பால் ஊத்துறீங்கள்ல? மஞ்சத் தடவி, தொட்டுக் கும்புடுறீங்கள்ல? அதுல யாருக்காவது வந்திருக்கா?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், நான் தொடர்ந்தேன்.

"புத்து மாதிரி உள்ளுக்குள்ளயே அரிச்சு வளருதுன்னு நம்ம ஆளுங்க அப்படிச் சொன்னாங்க. அவங்க ஊர்ல நண்டு மாதிரி காலு நீட்டுதுன்னு சொன்னாங்க. அவ்வளவுதாங்க. முழுசா எழுதாதது என் தப்பு."

ஓரத்தில் இருந்தவள் சிரித்துவிட்டாள். "அப்ப நம்மூரு போர்டுல புத்துன்னு எழுதிப் போட்டிருந்தா, மாரியாத்தா கோயிலப் பூட்டிருப்பமாடி?"

"ஒனக்கென்ன, நீ பால் ஊத்துற சாக்குல பாதியக் குடிச்சுருவ" என்றாள் பக்கத்தில் இருந்தவள். மேசை முழுக்கச் சிரிப்பு. ஒருத்தி ஒரு நண்டை எடுத்து ஓட்டைப் பிளந்தாள். மற்றவர்களும் வேலையைத் தொடர்ந்தார்கள்.

"செவந்திக்கு என்னான்னு சொல்லு புள்ள" என்றாள் ஒருத்தி.

"அத அவங்ககிட்டதாங்க சொல்லணும்."

மருதாயி என்னைச் செவந்தி அக்காவின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கடலுக்குப் போகும் தெருவில் சின்ன ஓட்டு வீடு. கணவர் அடைக்கலம் படகில் போயிருந்தார். மருதாயி கதவைத் தட்டிவிட்டு, "போர்டுப் புள்ள வந்திருக்குடி" என்றார். கதவு திறந்தது. செவந்தி அக்கா கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். அன்று பார்த்ததைவிட மெலிந்திருந்தார்.

"மருதாயக்கா, நீ வெளிய இரு" என்றார். என்னை மட்டும் உள்ளே விட்டார். "சொல்லத்தான் வந்தியா, மறுபடியும் தலையாட்ட வந்தியா?"

"கேன்சர் இல்லக்கா" என்றேன்.

அவர் சுவரோரமாக உட்கார்ந்தார். "உக்காரு. எங்க ஆத்தாவுக்கு வயித்துல கட்டி. தஞ்சாவூர்ல பாத்துட்டு டாக்டரு என்னையத் தனியாக் கூப்புட்டுச் சொன்னாரு. நான் ஆத்தாகிட்ட வந்து, ஒண்ணுமில்ல, சாதாக் கட்டி, கரைஞ்சுரும்னு சொன்னேன். நாலு மாசம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா? இப்ப நீ சொன்ன மாதிரியேதான். அது மூஞ்சியப் பாக்காம, தரையப் பாத்துக்கிட்டு."

நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொய் சொல்றவ எப்படிச் சொல்லுவான்னு எனக்குத் தெரியும். நான் சொன்னவதான? நீ கெளம்பு."

நான் எப்போதும் அப்படித்தான் பேசுவேன், எல்லோரிடமும், அம்மாவிடம்கூட. அதைச் சொன்னால் நம்புவாரா? கண்ணை உயர்த்தினேன். கழுத்து வலிப்பது போல இருந்தது. அவர் கண்கள் கலங்கி, சிவந்திருந்தன. பார்வையை எடுக்காமல் இருந்தேன்.

"எனக்கு யாரையும் பாத்துப் பேச வராதுக்கா. அன்னிக்கு நீங்க கேட்டப்போ, அந்த வார்த்தைக்கு நண்டுன்னு அர்த்தமான்னு கேக்குறீங்கன்னு நெனச்சேன். பதில் சொல்லப் பயந்துக்கிட்டுத் தலைய ஆட்டினேன். நீங்க எந்த வேலை பாக்குறீங்கன்னு நான்தான் எழுதுனேன். அப்பவும் எனக்கு ஒறைக்கல. தப்பு என் மேலதான்."

 அவர் மறுபடி போகச் சொல்லவில்லை. நான் உறையைக் கிழித்தேன். ரிப்போர்ட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் விரித்தேன்.

"ஒவ்வொரு வார்த்தையா சொல்றேன். முழுசாச் சொல்றேன். இது லிம்ஃப். தெளிஞ்ச தண்ணின்னு அர்த்தம். ஒடம்புல ரத்தம் மாதிரியே நெறமில்லாத ஒரு தண்ணியும் ஓடுது. அது போற வழியில கழுத்துல சின்னச் சின்ன முடிச்சு இருக்கு. ஒங்களுக்கு அதுலதான் வீங்கியிருக்கு."

ஒரு வார்த்தை சொன்னதும் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். பிறகு அடுத்தது.

"இது கிரானுலோமா. கிரானுலம்னா சின்னத் தானிய மணி. கட்டிக்குள்ள குருணை குருணையா இருக்குன்னு அர்த்தம். இது கேசியஸ். வெளிநாட்டுல சீஸுன்னு பாலத் திரிச்சுக் கட்டியாக்கிச் சாப்பிடுவாங்க. அது மாதிரி வெள்ளையா, திப்பி திப்பியா—"

"திரிஞ்ச பாலா?"

"ஆமாக்கா."

அவர் துண்டைக் கொஞ்சம் தளர்த்தினார். "ஊசில எடுத்தப்ப பாத்தேன். டாக்டரம்மா கண்ணாடில பீச்சுனாக. ரத்தமா வரும்னு நெனச்சேன். வெள்ளையா, திரிஞ்ச பாலு மாதிரிதான் வந்துச்சு." என் முகத்தையே பார்த்தார். "அத நீ பாக்கல. நீ வெளியில இருந்த."

"நான் இதுல படிச்சதுதான்."

அவர் காகிதத்தைக் கையில் எடுத்தார். ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். "இதுல நண்டு எங்க இருக்கு?"

"இல்லக்கா. இந்தா, கடைசி வரி. கேன்சர் செல் எதுவும் காணலைன்னு எழுதியிருக்கு."

விரல் அந்த வரியிலேயே நின்றது. "அப்ப எனக்கு என்னா?"

"டிபி. காசநோய்."

"எனக்கு இருமலே இல்லையே."

"நெஞ்சுலதான் வரணும்னு இல்ல. கழுத்துலயும் வரும். பழைய தமிழ்ப் பேரு கண்டமாலை. மாலை போட்ட மாதிரி கழுத்தச் சுத்தி வீங்குறதால."

"பேரு மட்டும் நல்லாத்தான் வைக்கிறாக" என்றார். பிறகு காகிதத்தைக் கீழே வைத்தார். "சாவுற நோயா, தீருற நோயா?"

"தீருற நோய். ஆறு மாசம் போல மாத்திரை. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில தருவாங்க. நடுவுல நிறுத்தக் கூடாது."

"ஆறு மாசமா." அவர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.  கையை எடுத்தபோது முகத்தில் அழுகையும் எரிச்சலும் சேர்ந்து இருந்தன. "ரெண்டு ஆட்டையும் தங்கச்சி வீட்டுக்கு ஓட்டி விட்டுட்டேன். நான் போயிட்டா யாரு பாப்பான்னு. அவ இனி திருப்பித் தரவா போறா?"

வாசலிலிருந்து மருதாயியின் குரல் வந்தது. "தரலைன்னா நான் போயி இழுத்தாரேன்டி."

"ஒன்னைய வெளிய நிக்கச் சொன்னா ஒட்டுக் கேக்குறியா?"

"வெளியதான நிக்கிறேன்."

செவந்தி அக்கா என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "டிபின்னா ஒட்டிக்குமே. கம்பெனில சேத்துக்குவாகளா?"

"கழுத்துல மட்டும் இருந்தா சாதாரணமா மத்தவங்களுக்கு ஒட்டாதுன்னு படிச்சிருக்கேன். ஆனா நெஞ்ச எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு டாக்டர்தான் சொல்லணும். எனக்கு அதுக்கு மேல தெரியாதுக்கா."

"தெரியாதுன்னு சொல்றியே, அது போதும்" என்றார். "அவுக கரைக்கு வந்ததும் சொல்றேன். கம்பெனில சண்டைன்னு பொய் சொல்லி வச்சிருக்கேன், பாவம் அந்த மனுசன்."

வியாழக்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் நானும் கூட இருந்தேன். எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மாத்திரைக்கு எழுதினார். நர்ஸ் எடை பார்த்தார். நாற்பத்தொரு கிலோ. எடைக்குத் தகுந்தபடி மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தார். அடைக்கலம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். செவந்தி அக்கா மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக விழுங்கினார்.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் செவந்தி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன். மாத்திரையின் நிறத்தால் சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் இல்லை, அதைப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது என்றேன். நர்ஸும் சொல்லியிருந்தார், ஆனால் வேகமாகச் சொன்னார். நான் மெதுவாகச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

மறுநாள் காலை லேப் போன் அடித்தது. போன் எடுப்பது எனக்கு ஆகாத வேலை. எடுத்தேன்.

"செவப்பாத்தான் போகுது" என்றார் செவந்தி அக்கா. வணக்கம்கூட இல்லை.

"பயந்துட்டீங்களா?"

"நீ சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் தெருவையே கூட்டிருப்பேன். அவுகதான் பயந்துட்டாக. போய்ப் படுங்கன்னு சொல்லிட்டேன்."

"இன்னிக்கு மாத்திரை?"

"போட்டாச்சு. ஆனா கொமட்டுது. அது எதுனால?"

"அது எனக்குச் சரியாத் தெரியலக்கா. நர்ஸ் நம்பர் தாரேன், இப்பவே கேட்டுருங்க. வாந்தி எடுத்தாலும் சொல்லுங்க. எழுதிக்கிறீங்களா?"

"இரு, பேனா எடுத்துக்கிறேன்" என்றார். எதையோ உருட்டித் தேடும் சத்தம் கேட்டது. என் முன்னால் மூன்று பேர் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு நிமிசம் உக்காருங்க" என்று அவர்களிடம் சொன்னேன்.

"ம், சொல்லு" என்றார் செவந்தி அக்கா.

ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவரைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். சரியாக இருந்தது.